ஈஞ்சம்பாக்கத்துக்கு ஒரு பஸ்: ஒன்பதாம் வகுப்பை நவீன ஓவியம் பார்க்கக் கூட்டிப்போவது எப்படி

முதல் தடவை 42 பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனேன். அன்று வெள்ளிக்கிழமை. அங்கே வெள்ளிக்கிழமை வார விடுமுறை. மெட்ராஸில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா என்றால், தெரியும், மறந்துவிட்டேன். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, எழும்பூரில் இறங்கி, பாந்தியன் சாலை வரை இரண்டிரண்டு பேராக நடத்திக் கூட்டிப்போய்ப் பூட்டிய கேட்டுக்கு முன்னால் நிறுத்தினேன். "மிஸ், இதான் மாடர்ன் ஆர்ட்டா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். கம்பி வழியாகச் சிவப்புக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு, ஆளுக்கொரு குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்துத் திரும்பக் கூட்டி வந்தேன். என் சொந்தக் காசு.

அதற்குப் பிறகு நான்கு தடவை ஒழுங்காகப் போயிருக்கிறேன். நான் அறிவியல் ஆசிரியை. எங்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியர் இடம் ரொம்ப நாளாகக் காலி. அதனால் ஓவியப் பீரியட் யாருக்கு வந்து விழும் என்று ஸ்டாஃப் ரூமில் ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒரு சடுகுடு நடக்கும். நான் ஒரு வருஷம் பிடிபட்டேன், அப்படியே நின்றுவிட்டேன். இதெல்லாம் ஓவியம் தெரிந்தவர் சொல்வதில்லை. ஓவியம் தெரியாத ஒருத்தி வடசென்னைப் பிள்ளைகளோடு போய் வந்து கற்றுக்கொண்டது.

எங்கே போவது

கையில் காசு இல்லையென்றால் எழும்பூர்தான். அருங்காட்சியக வளாகத்துக்குள்ளேயே தற்கால ஓவியக் கூடம் ஒன்று இருக்கிறது. மெட்ரோவில் போய்விடலாம், வெள்ளிக்கிழமை தவிர. ஆனால் பிள்ளைகள் டைனோசரையும் திமிங்கல எலும்பையும் தேடி ஓடிவிடுவார்கள், ஓவியக் கூடத்துக்கு வரும்போது கால் வலிக்கிறது என்பார்கள். கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமி இருக்கிறது. அங்கே அந்தந்த வாரம் என்ன கண்காட்சி நடக்கிறதோ அதுதான் கிடைக்கும். சில வாரம் பிரமாதமாக இருக்கும், சில வாரம் அறை காலியாக இருக்கும். போன் பண்ணிவிட்டுப் போகவேண்டிய இடம்.

ஒரு நாள் முழுக்கக் கிடைக்கும், பஸ் வைக்க முடியும் என்றால் ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டல ஓவியர் கிராமத்துக்குப் போங்கள். 1966இல் தொடங்கியது. பெரியமேட்டுப் பக்கம் இருக்கிற ஓவியக் கல்லூரிக்கு அப்போது முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், தன் மாணவர்களையும் நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு கடலோரத்தில் நிலம் வாங்கி உண்டாக்கினார். எந்தக் காசில் வாங்கினார்கள் என்பதைப் பிள்ளைகளிடம் மறக்காமல் சொல்லுங்கள். மெழுகு வைத்துச் சாயம் தோய்க்கிற பாட்டிக் துணி போட்டு விற்றார்கள், கைவினைப் பொருள் செய்து விற்றார்கள். படம் வரைந்தால் விற்காது, துணி விற்கும், துணி விற்ற காசில் படம் வரையலாம் என்பது கணக்கு. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது உடனே புரிகிறது. பாதிப் பேர் வீட்டில் ஒரு வேலை சோற்றுக்கு, இன்னொன்று மனசுக்கு என்று ஓடிக்கொண்டிருக்கிறது. பகலில் ஹார்பரில் லோடு, ராத்திரி கானாவுக்கு டோலக்.

இன்னொன்றும் சொல்லுங்கள். அந்த ஓவியக் கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்கிற டாக்டர் ஆரம்பித்தது. இப்போது நம் பிள்ளைகளும் விண்ணப்பம் போட்டுச் சேரக்கூடிய அரசுக் கல்லூரி. சென்ட்ரலிலிருந்து நடந்தே போகலாம். அதன் வாசலைத் தாண்டி எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருந்தும் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு பிள்ளைக்கும் தெரிந்திருக்கவில்லை. எனக்கும்தான்.

ஒரே நாளில் இரண்டு இடம் வேண்டாம். ஈஞ்சம்பாக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. ஈ.சி.ஆர். என்றதும் பிள்ளைகள் முதலைப் பண்ணை என்பார்கள், பஸ் டிரைவர் தீம் பார்க் என்பார், சக ஆசிரியர் "அப்படியே மகாபலிபுரம் போயிட்டு வந்துடலாமே டீச்சர்" என்பார். எல்லோருக்கும் சிரித்துக்கொண்டே இல்லை என்று சொல்லுங்கள். கடலில் இறங்குவதும் வேண்டாம். "காசிமேட்டுப் பசங்களுக்கு நீச்சல் தெரியாதா மிஸ்?" என்று கேட்பார்கள். தெரியும், அதனால்தான் பயம்.

அனுமதி, காசு, சோறு

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், எல்லா ஆசிரியருக்கும் தெரிந்ததுதான். தலைமையாசிரியர் வழியாகக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதத்தை ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். பெற்றோர் ஒப்புதல் கடிதத்தில் திரும்பும் நேரத்தைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். பெண் பிள்ளைகளின் அம்மாக்கள் கேட்கிற முதல் கேள்வி அதுதான், கடைசிக் கேள்வியும் அதுதான். பத்தாம் வகுப்பைத் தொடாதீர்கள், பொதுத் தேர்வு என்று வீட்டில் விடமாட்டார்கள். ஒன்பது சரியான வயது. 15 பிள்ளைக்கு ஒரு பெரியவர், அதில் பெண் ஆசிரியர் கட்டாயம். நாப்கின், வாந்தி வந்தால் பாலித்தீன் கவர், எலுமிச்சம்பழம், குளுக்கோஸ் எல்லாம் ஒரே பையில், அந்தப் பை என் தோளில்.

காசு மட்டும் கொஞ்சம் நிதானமாகச் செய்யவேண்டிய விஷயம். போன வருஷம் தலைக்கு 180 ரூபாய் வந்தது. யாரால் கொடுக்க முடியாது என்று வகுப்பில் கையைத் தூக்கச் சொல்லாதீர்கள், தூக்கவே மாட்டார்கள். அன்றைக்குக் காய்ச்சல் என்று லீவு போட்டுவிடுவார்கள். நான் எல்லோருக்கும் ஒரே மாதிரி பழுப்புக் கவர் கொடுத்து, ஒட்டிக் கொண்டுவரச் சொல்வேன். பெயர் எழுதக்கூடாது. சில கவரில் 180 இருக்கும், சிலதில் 50, சிலது காலி. ஒரு கவரில் 200 வைத்து, "மீதி வேணாம் மிஸ்" என்று சீட்டு இருந்தது. குறைந்ததை ஸ்டாஃப் ரூமிலும் பழைய மாணவர்களிடமும் கேட்டு நிரப்பிவிடலாம்.

சோறு பொட்டலம்தான். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும் கெடாது. தயிர் சாதம் மதியத்துக்குள் புளித்துவிடும், பஸ்ஸில் கொட்டினால் திரும்பி வரும் வரைக்கும் நாறும். வளாகத்தில் எங்கே உட்கார்ந்து சாப்பிடலாம் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நீங்கள் தனியாகப் போங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய் இரண்டு மணி நேரம் சுற்றுங்கள். கழிப்பறை எங்கே, பை எங்கே வைப்பது, போட்டோ எடுக்கலாமா, வெளியில் இருக்கிற சிற்பங்களுக்குக் கிட்டே போகலாமா என்றெல்லாம் கவுன்ட்டரில் கேளுங்கள். 40 பேர் வரப்போகிறோம் என்று தேதியைச் சொல்லிவைத்துவிட்டால் வரவேற்பே வேறு மாதிரி இருக்கும்.

நான் தனியாகப் போனதற்கு வேறொரு காரணமும் உண்டு. எங்கள் தலைமையாசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அங்க டிரஸ் இல்லாத படம் ஏதாவது..." என்று இழுத்தார். நவீன ஓவியம் எங்கே போனாலும் அது இருக்கத்தான் செய்யும். மறைத்துக் கூட்டிப்போக முடியாது. முந்தின நாள் வகுப்பில் நேராகச் சொல்லிவிடுவேன்: "உடம்பை வரையறது ஓவியக் கல்லூரியில ஒரு பாடம், நம்ம பயாலஜி புத்தகத்துல மனுஷ உடல் படம் இருக்கிற மாதிரி. சிரிப்பு வந்தா இங்கயே சிரிச்சுடுங்க." ஒரு நிமிஷம் வகுப்பே சிரித்தது. அங்கே போனபோது யாரும் சிரிக்கவில்லை. நம் கோயில் தூணில் இல்லாததா என்று ஒரு பையனே சொன்னான்.

மூன்று பீரியட் தயாரிப்பு

தயாரிப்பு இல்லாமல் கூட்டிப்போனால் பிள்ளைகள் 20 நிமிஷத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "அடுத்து எங்க மிஸ்?" என்று நிற்பார்கள். ஒரு வருஷம் அப்படி நடந்திருக்கிறது. வேறொரு கூடத்தில் ஒரு பெண் சிற்பத்தின் மேல் கை வைத்துவிட்டாள். காவலர் போட்ட சத்தத்தில் அவள் அழுதுவிட்டாள், அதற்கப்புறம் அன்றைக்கு யாரும் எதையும் பார்க்கவில்லை. தொடாதே என்று மட்டும் சொல்லியிருந்தேன், ஏன் என்று சொல்லவில்லை. தப்பு என்னுடையது.

அதனால் முதல் பீரியட் ஒரு பித்தளைத் தாம்பாளம். புளியும் உப்பும் போட்டுப் பளபளவென்று தேய்த்து, கழுவி, ஈரம் போகத் துடைத்துக் கொண்டுபோவேன். பாதித் தட்டின் மேல் பாலித்தீன் தாளை இறுக்கி ஒட்டிவிடுவது, மறு பாதி திறந்தபடி. வகுப்புக்குள் வருகிற ஒவ்வொருவரும் திறந்த பாதியில் விரலை ஒரு தடவை அழுத்திவிட்டு இடத்துக்குப் போகவேண்டும். ஒரு வாரம் இப்படி. ஏழாம் நாள் பாலித்தீனைப் பிரித்தால், மூடிய பாதி கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். திறந்த பாதியில் கறுத்துப்போன ரேகைகள், ஒன்றின் மேல் ஒன்றாக. வியர்வையில் உப்பு இருக்கிறது, அமிலம் இருக்கிறது. பித்தளையில் இருக்கிற செம்பை அது பிடித்துக்கொள்கிறது. இதைக் கரும்பலகையில் எழுதுவதைவிடத் தட்டைக் கையிலிருந்து கைக்கு மாற்றிப் பார்க்கவிடுவது நல்லது.

போன வருஷம் ஒருத்தி எழுந்து கேட்டாள்: "ஆனா மிஸ், எங்க தெரு கோயில்ல சாமிய எல்லாரும் தொட்டுத் தொட்டுத்தான பளபளன்னு இருக்கு?" நல்ல கேள்வி, எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. "தொட்டுட்டு விட்டா கறுக்கும், தேய்ச்சுக்கிட்டே இருந்தா பளபளக்கும். ஆனா தேயவும் தேயும். சாமி மூக்கைப் பார்த்துட்டு வா" என்றேன். மறுநாள் வந்து, "மூக்கு மழுங்கிட்டுதான் மிஸ் கீது" என்றாள்.

இரண்டாவது பீரியட் பணிக்கர். 'சொற்களும் குறியீடுகளும்' என்று அவர் 1963 வாக்கில் தொடங்கிக் கடைசி வரை வரைந்துகொண்டிருந்த ஒரு வரிசை உண்டு. அதில் ஒரு படத்தைப் பலகையில் பெரிதாகக் காட்டுங்கள். எதுவும் சொல்லாதீர்கள். படம் முழுக்க எழுத்து மாதிரி ஏதோ இருக்கும், கணக்கு மாதிரி இருக்கும், நடுவில் கட்டம் போட்டிருக்கும்.

"தெலுங்கா மிஸ்?" என்றான் ஒருவன். எங்கள் வகுப்பில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் நாலைந்து பேர் உண்டு. அவர்கள் உற்றுப் பார்த்துவிட்டு, இல்லவே இல்லை என்றார்கள். "மலையாளமா?" மலையாள எழுத்தின் சாயல் நிறைய உண்டுதான், ஆனால் வாசிக்க முடியாது. "மிஸ், ஜாதகக் கட்டம்!" அதுவும் சரி. "படிக்க முடியாததை எதுக்கு மிஸ் எழுதணும்?" இதற்கு நான் பதில் சொல்லவில்லை, தெரிந்தால்தானே சொல்ல. ஒரு பையன் டாக்டர் சீட்டு என்றான், எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் ஒரு பெண், "எங்க தங்கச்சி பாப்பா இப்படித்தான் மிஸ் நோட்டு ஃபுல்லா எழுதுது. கேட்டா படிச்சும் காட்டுது" என்றாள். வகுப்பு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. அந்த இடத்தில் மணி அடித்தது நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் நான் ஏதாவது விளக்கம் சொல்லிக் கெடுத்திருப்பேன்.

மூன்றாவது பீரியட் கட்டம் போட்ட நோட்டு. பிளஸ் டூ கெமிஸ்ட்ரி பிராக்டிகலில் உப்பைச் சோதிக்கும்போது காண்பது, அறிவது என்று பத்தி பிரித்து எழுதுவோமே, அதே கட்டம்தான். இடது பக்கம் 'காண்பது'. வலது பக்கம் 'அறிவது'. ஒரே ஒரு விதி: இடது பக்கத்தில் எட்டு வரி எழுதி முடிக்கும் வரை வலது பக்கத்தில் பேனா படக்கூடாது. எட்டு வரியும் கண்ணுக்குத் தெரிவதாக இருக்கவேண்டும். என்ன பொருள், எப்படி ஒட்டியிருக்கிறது, எத்தனை முழம், எந்தப் பக்கம் பெயின்ட் தடிமன், எங்கே விட்டுவிட்டார்கள். "சோகமாக இருக்கிறது" என்பது காண்பது இல்லை, அறிவது. முதலில் வகுப்பு மின்விசிறியை வைத்துப் பழக்குங்கள். எட்டு வரிக்குத் திணறுவார்கள்.

நவீன ஓவியத்துக்கு முன்னால் நாம் பயப்படுவதற்குக் காரணம் அர்த்தம் கேட்பார்களோ என்பதுதான். எதனால் செய்தது, எப்படிச் செய்தது என்று கேட்டுப் பாருங்கள், எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருக்கும்.

போகிற வழியில் ஒரு நிறுத்தம்

காலை ஏழரைக்கு பஸ் எடுத்துவிட்டால் ராயபுரம், பீச் ஸ்டேஷன் வழியாகக் காமராஜர் சாலைக்கு நெரிசலுக்கு முன் வந்துவிடலாம். மெரினாவின் வடக்கு முனையில் உழைப்பாளர் சிலை. வெண்கலம், நாலு பேர் ஒரு பாறையை நகர்த்தப் பார்க்கிறார்கள். டி.பி. ராய் சௌத்ரி செய்தது, 1959இல் வைத்தது. பணிக்கருக்கு முன்னால் அதே ஓவியக் கல்லூரியில் முதல்வராக இருந்தவர், அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். இந்தியாவில் முதல் மே தினத்தை 1923இல் சிங்காரவேலர் கொண்டாடியதும் இந்தக் கடற்கரையில்தான். அன்று இரண்டு கூட்டம்: ஒன்று உயர்நீதிமன்றத்துக்கு எதிரே, இன்னொன்று திருவல்லிக்கேணிக் கரையில்.

15 நிமிஷம் போதும். படம் எடுத்துக்கொண்டு ஏறிவிடாமல் ஒன்று செய்யுங்கள்: நாலு பிள்ளைகளை அந்த நாலு பேர் மாதிரியே நிற்கவையுங்கள். அப்படியே ஒரு நிமிஷம். எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். தோள் என்று நினைத்திருப்பார்கள், தொடையும் கால் பெருவிரலும் என்று சொல்வார்கள். பிறகு சிலையின் காலைப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் பையன்களில் ஒருவனின் அப்பா ஹார்பரில் மூட்டை தூக்கியவர். அவன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நாலு பேரும் ஒரே நேரத்துல தம் கட்டல மிஸ். ஏலேலோ சொல்ல ஆள் இல்ல" என்றான். நான் அந்தச் சிலையை ஐம்பது தடவையாவது தாண்டியிருப்பேன்.

அங்கிருந்து ஈஞ்சம்பாக்கம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடையாறில் மாட்டினால் இரண்டு.

உள்ளே

முதலில் வெளியில் இருக்கிற சிற்பங்கள், பிறகு கூடம். மாற்றிச் செய்தால் உச்சி வெயிலில் கல்லுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டி வரும். பைகள் பஸ்ஸிலேயே இருக்கட்டும். முதுகில் பை மாட்டிக்கொண்டு திரும்புகிற பிள்ளைக்குத் தன் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. செல்ஃபியும் அதே ஆபத்துதான், பின்னால் பின்னால் போய்க்கொண்டே இருப்பார்கள். பத்துப் பேர் குழுவுக்கு ஒரு போன். பேனா வேண்டாம், பென்சில் மட்டும், பேனா மை எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது.

ஒரு சுற்று சும்மா நடக்கவிடுங்கள், பத்து நிமிஷம். ஆர்வம் அடங்கட்டும். அதற்குப் பிறகு இரண்டிரண்டு பேராக ஒரே ஒரு படைப்பைத் தேர்ந்தெடுத்து அதன் முன்னால் பத்து நிமிஷம் உட்காரவேண்டும். கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிறேன், முதல் மூன்று நிமிஷம் நெளிவார்கள், கிள்ளிக்கொள்வார்கள். நாலாவது நிமிஷத்தில் ஏதோ ஒன்று கண்ணில் படும். அதுவரை நீங்கள் பொறுமையாக இருக்கவேண்டும். கிட்டே போய், "இதுல பாரு, எவ்ளோ அழகா" என்று ஆரம்பித்தால் முடிந்தது.

பக்கத்தில் ஒட்டியிருக்கிற சீட்டில் பெயர், வருஷத்துக்குக் கீழே இருக்கிற வரியைப் படிக்கப் பழக்குங்கள். ஆயில் ஆன் கேன்வாஸ், மிக்ஸ்டு மீடியா, வெல்டட் காப்பர் என்று, எதனால் செய்தது எனப் போட்டிருக்கும் வரி. தலைப்பைக் கடைசியில் பார்த்தால் போதும்.

உலோகச் சிற்பங்களிடம்தான் எங்கள் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டை அடித்து உருவம் எடுத்தவர், கோயிலில் சாமிக்குக் கவசம் அடிக்கிற மாதிரி. எஸ். நந்தகோபால் பணிக்கரின் மகன், செம்பையும் பித்தளையையும் ஒட்டி ஒட்டிப் பெரிய உருவங்கள் செய்தவர். தகட்டு வேலை ஒன்றின் முன்னால் நான் நின்றுகொண்டிருந்தபோது, வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் வந்து நின்றான். அவன் அப்பாவுக்குத் திருவொற்றியூர் பக்கம் வெல்டிங் பட்டறை. குனிந்தான், கழுத்தைத் திருப்பிக் கீழிருந்து பார்த்தான். கையைப் பின்னால் கட்டியிருந்தான், தாம்பாளம் ஞாபகம் இருந்திருக்கவேண்டும்.

"இது ஆர்க் வெல்டிங் இல்ல மிஸ்."

"அப்புறம்?"

"கேஸு. பித்தளைக் கம்பி உருக்கி ஊத்திக்கிறாரு. ஆர்க் வச்சா இந்தத் தகடு ஓட்டை உய்ந்துரும்." கொஞ்சம் தள்ளி இன்னொரு இணைப்பைக் காட்டினான். "இங்க கை நடுங்கிக்கிது பாருங்க. கொட்டை கொட்டையா நிக்கிது. வேணும்னேதான் ராவாம உட்டுருக்காரு. எங்கப்பான்னா கிரைண்டர் போட்டு மழிச்சிருவாரு."

"ஏன் ராவாம விட்டாரு?"

அவன் நோட்டைப் பார்த்தான். "அது அறிவது மிஸ். நான் இன்னும் அஞ்சு வரிதான் எழுதிக்கிறேன்."

அதே இடத்தில் வேறொரு ஜோடி எழுதியதையும் இங்கே தருகிறேன், எழுத்துப் பிழையை மட்டும் திருத்தி. காண்பது, வரி ஆறு: "பின்னாடி போய்ப் பார்த்தோம். பின்னாடி வேலையே இல்லை, சும்மா கம்பி." அறிவது: "சாமி மாதிரி முன்னாடி நின்று பார்க்கத்தான் செய்திருக்கிறார்கள்." பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டேன், மெட்ராஸ்காரர்களின் உலோகச் சிற்பம் பற்றி எழுதுகிறவர்கள் சொல்கிற முக்கியமான விஷயமே இந்த முன்பக்கம் பார்த்த நிலைதான் என்று. அந்த இரண்டு பேருக்கும் மதிப்பெண் என்ன போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. பத்துக்குப் பத்து போட்டேன்.

"இத நானே போடுவேன் மிஸ்" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். கோபப்படாதீர்கள், பெரியவர்களும் மனசுக்குள் சொல்வதுதானே. வெள்ளைத் தாளைக் கொடுத்து, "போடு" என்று சொல்லுங்கள். ஓவியர் கே.எம். ஆதிமூலம் காந்தி நூற்றாண்டையொட்டி வெறும் கோட்டிலேயே காந்தியை விதவிதமாக வரைந்தார். அதில் ஒன்றை நகலெடுத்துக் கொண்டுபோயிருந்தேன். நாலு கோடு, அதில் ஒரு மனிதர் நடக்கிறார். பையன் உட்கார்ந்து வரைந்தான், அழித்தான், மறுபடி வரைந்தான். நாலாவது தாளில் பேச்சு நின்றது. அவன் தாத்தா சுவர் விளம்பரம் எழுதினவராம், ஃபிளெக்ஸ் வந்து தொழில் போனவர். "தாத்தா ரப்பரே வச்சிக்க மாட்டாரு மிஸ்" என்றான். அந்தத் தாளையெல்லாம் மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான், எனக்குக் கொடுக்கவில்லை.

பிடிக்கவில்லை என்று சொல்லவும் இடம் கொடுங்கள். எனக்கே அங்கே பாதிப் படங்கள் பிடிக்கவில்லை, பிள்ளைகளிடம் எவை என்றும் சொன்னேன். ஒரே நிபந்தனை, பிடிக்காததற்கும் இடது பக்கம் எட்டு வரி வேண்டும். அந்த எட்டு வரியில் சிலர் மனம் மாறிவிடுகிறார்கள். மாறாவிட்டாலும் பாதகமில்லை.

இரண்டு மணிக்கு மேல் கூடத்துக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். கண் நிறைந்தபின் காட்டுவது வீண். மூன்றுக்குக் கிளம்பினால் ஆறுக்குள் தண்டையார்பேட்டை. ஏறும்போது ஒரு தடவை, வண்டி நகர்வதற்கு முன் ஒரு தடவை தலை எண்ணுங்கள். ஒரு வருஷம் 41தான் வந்தது. எல்லோரையும் இறக்கி ஏற்றி மறுபடி எண்ணியும் 41. கடைசியில் பார்த்தால் ஒருத்தி பின் சீட்டில் காலை மடக்கிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறாள். எனக்கு அன்றைக்கு வந்த படபடப்பு இன்னும் போகவில்லை.

மறுநாள்

"சுற்றுலா சென்று வந்தது குறித்து ஒரு பக்கக் கட்டுரை" எழுதச் சொல்லாதீர்கள். எல்லோரும் "நாங்கள் காலை ஏழு மணிக்கு மகிழ்ச்சியுடன் புறப்பட்டோம்" என்று ஆரம்பித்து, சாப்பாட்டில் முடிப்பார்கள்.

நான் செய்வது இது. வீட்டிலிருந்தோ அப்பா அம்மா வேலை செய்கிற இடத்திலிருந்தோ ஒரு பொருள் கொண்டுவரவேண்டும். அதற்குச் சுவரில் பார்த்த மாதிரியே ஒரு சீட்டு எழுதவேண்டும்: தலைப்பு, எதனால் செய்தது, நீள அகலம், எந்த வருஷம். வகுப்பறை பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளி எல்லாவற்றையும் வரிசையாக வைப்போம், மற்ற வகுப்புகள் வந்து பார்க்கும். போன வருஷம் வந்தவை: வலை பின்னுகிற ஊசி, பெட்டிக்கடைத் தராசு, உடைந்த கேரம் ஸ்ட்ரைக்கர், இஸ்திரிப் பெட்டி ஒன்று (அதைத் தூக்கி வைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது), வெல்டிங் பட்டறைப் பையன் கொண்டுவந்த கறுப்புக் கண்ணாடி. முகத்துக்கு நேராகப் பிடித்துச் சூரியனைப் பார்க்க வரிசை நின்றது, நான் தடுத்தேன். ஆர்க் வெளிச்சத்துக்கு என்று செய்தது. கறுப்பின் அளவுக்கு ஓர் எண் உண்டு, எல்லா எண்ணும் சூரியனுக்குப் போதாது.

ஒரு பெண் மட்டும் பொருள் கொண்டுவரவில்லை, சீட்டை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினோரு மணிக்கு அவள் அம்மாவே வந்தார். காசிமேட்டில் மீன் விற்கிறவர். சாக்கில் சுற்றி அரிவாள்மனையைக் கொண்டுவந்திருந்தார், பிள்ளை கையில் கொடுத்தனுப்ப பயம். பெஞ்சின் மேல் வைத்து, கூர் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். பக்கத்தில் மகள் சீட்டை ஒட்டினாள்.

தலைப்பு: இல்லை.
பொருள்: இரும்பு, மாமரப் பலகை, செதில்.
அளவு: ஒரு முழம், அம்மா முழம்.
ஆண்டு: நான் பிறப்பதற்கு முன்.
தொடலாம். பார்த்து.

அவர் கொஞ்ச நேரம் நின்று மற்ற பெஞ்சுகளையும் பார்த்தார். தராசு முன்னால் நின்று, "இது எடை காட்டாது, தட்டு கோணிருக்கு" என்றார். பிறகு, "டீச்சர், ஒரு மணிக்கு எடுத்துட்டுப் போயிருவேன், சாயங்கால யாவாரத்துக்கு வேணும்" என்றார். பன்னிரண்டே முக்காலுக்கே வந்து எடுத்துக்கொண்டு போனார். சீட்டு இன்னும் அந்தச் சுவரில் ஒட்டியிருக்கிறது.